நொய்யல் கரைக்கு வந்த உலகச் சந்தை

1984இல் திருப்பூரில் 127 நாள் பனியன் கம்பெனிகள் ஓடவில்லை. விலைவாசிக்கு ஏற்ற பஞ்சப்படி கேட்டுத் தொழிற்சங்கங்கள் தொடங்கிய பொது வேலைநிறுத்தம் அது. நான்கு மாதத்துக்கும் மேலாக நிட்டிங் மிஷின்கள் நின்றன, தையல் மிஷின்கள் நின்றன, சனிக்கிழமைச் சம்பளம் நின்றது. முடிவில் பஞ்சப்படி ஒப்பந்தத்தில் ஏறியது. ஆனால் அதைக் கேட்டு வாங்கும் நிலையில் இருந்த நிரந்தரத் தொழிலாளி அதன்பிறகு மெல்ல மெல்லக் குறையத் தொடங்கினார். ஒரே கூரையின்கீழ் எல்லா வேலையையும் வைத்திருந்த முதலாளிகள் பலர் தொழிலைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். துணி பின்னுவது ஒரு பெயரில், கட்டிங் ஒரு பெயரில், தையல் காண்ட்ராக்டர் கையில், சாயமும் பிரிண்டிங்கும் எம்பிராய்டரியும் வெளியே ஜாப் ஒர்க்கில் என்று ஒரு பனியன் பத்துப் பட்டறைகளைச் சுற்றி வரலாயிற்று.

உலகமயமாக்கல் என்றால் 1991 என்று ஆண்டு குறிப்பது நம் வழக்கம். திருப்பூருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. டெல்லியில் தாராளமயக் கொள்கை அறிவிக்கப்படுவதற்கு முன்பே, உலகச் சந்தை விரும்பும் உருவத்தை இந்த ஊர் எடுத்துவிட்டது. ஆர்டர் வந்தால் ஒரே வாரத்தில் ஆள் கூட்டலாம், ஆர்டர் இல்லாவிட்டால் யாருக்கும் கணக்கு முடித்துக் கொடுக்காமலே ஆள் குறைக்கலாம். வறண்ட பூமியின் விவசாயிகளைப் பல கோடி ரூபாய் ஏற்றுமதியாளர்களாக ஆக்கியது இந்த உருவம்தான். நொய்யல் ஆற்றையும் அந்த ஆற்றை நம்பிய ஊர்களையும் நாசமாக்கியதும் இதே உருவம்தான். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விட்டால் திருப்பூரின் வரலாறு பாதிதான்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் நிலம் இது. மழை குறைவு, கிணறுகள் ஆழம், மண் பருத்திக்கு ஏற்றது. 1860களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போடப்பட்ட ரயில் பாதை திருப்பூர் வழியாகச் சென்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீள இழை கொண்ட கம்போடியாப் பருத்தி கோவை வட்டாரக் கிணற்றுப் பாசனத்தில் வேர்பிடித்தது. ரயிலும் பருத்தியும் சேர்ந்த இடத்தில் பஞ்சு மண்டியும் அரவை ஆலைகளும் எழுந்தன. காந்தியின் கதர் இயக்கம் வந்தபோது அகில இந்திய நூற்போர் சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை இங்கேதான் இயங்கியது. 1932 ஜனவரி 10 அன்று போலீஸ் தடியடியில் விழுந்து மறுநாள் உயிர்நீத்த கொடிகாத்த குமரன், சென்னிமலையின் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து திருப்பூர்த் தரகு மண்டி ஒன்றில் கணக்கெழுதியவர். அந்நியத் துணி வேண்டாம் என்ற இயக்கத்தின் ஊரும், அந்நிய நாடுகளுக்குத் துணி தைத்துக் கொடுக்கும் ஊரும் ஒன்றே. ஊர் மனம் மாறிவிட்டதாக இதைப் படிக்க வேண்டியதில்லை. இரண்டு காலத்திலும் திருப்பூரின் வாழ்வு பருத்தி இழையில்தான் தொங்கியது.

பின்னலாடைத் தொழில் இந்தியாவில் முதலில் வேர்விட்டது கல்கத்தாவில். அங்கிருந்து கையால் சுற்றும் பின்னல் இயந்திரங்களை வாங்கிவந்து, 1920களின் நடுவில் திருப்பூரில் முதல் பனியன் பட்டறையைத் தொடங்கியவராகக் குலாம் காதரை ஊர் நினைவுகூர்கிறது. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் கோவை வட்டாரத்துக்கு வந்தது. கோவையில் நூல் மில்கள் பெருகின. பக்கத்திலேயே நூல், கூப்பிடு தூரத்தில் மின்சாரம், துணியை வெளுக்க நொய்யல் வட்டாரத்து நீர் என்று எல்லாம் கூடிவந்ததால் வெள்ளை பனியனும் ஜட்டியும் இங்கே மலிவாகச் செய்ய முடிந்தது. அடுத்த நாற்பது ஆண்டுகள் திருப்பூர் தைத்தது முழுக்க உள்நாட்டுக்காகத்தான். நாடு முழுவதும் ஆண்கள் சட்டைக்கு உள்ளே போட்ட பனியனில் கணிசமான பங்கு இந்த ஊருடையதாக இருந்தது.

1960களுக்குப் பிறகு ஊரின் முதலாளி வர்க்கம் மாறியது. அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து புவியியலாளர் ஷரத் சாரி 2004இல் ‘ஃப்ரட்டர்னல் கேப்பிடல்’ என்ற நூலை வெளியிட்டார். சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்த சிறு விவசாயக் கவுண்டர் குடும்பத்து இளைஞர்கள் முதலில் கம்பெனிகளில் கைமடிக்கவும் தைக்கவும் சேர்ந்தார்கள். தொழிலைப் படித்தார்கள். உறவினர், பங்காளிகளோடு கூட்டுச் சேர்ந்து இரண்டு மிஷின், நான்கு மிஷின் என்று சொந்தமாகப் போட்டார்கள். கிணற்றில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்த தோட்டத்தை விற்றோ அடமானம் வைத்தோ வந்த பணம் அதில் இறங்கியது. தம் உயர்வுக்குக் காரணம் கேட்டால் அவர்கள் சொன்ன முதல் சொல் ‘உழைப்பு’ என்று சாரி பதிவு செய்கிறார். அது வெறும் பெருமைப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. தானே ஒரு காலத்தில் மிஷினில் உட்கார்ந்த முதலாளிக்கு, ஒரு டஜன் தைக்க எத்தனை நிமிடம் ஆகும் என்பது கையே சொல்லும். காண்ட்ராக்டர் ரேட் பேசும்போது அவரிடம் கதை விட முடியாது. ஆனால் அந்த உழைப்புக் கதையில் ஒரு விடுபடல் உண்டு. நிலமும் சாதிச் சொந்தமும் கடன் கொடுக்கும் உறவும் இருந்தவர்களுக்கே தொழிலாளியிலிருந்து முதலாளிக்குப் போகும் ஏணி கிடைத்தது. அவர்களோடு அதே மிஷினில் அதே நேரம் உழைத்த நிலமற்ற தலித் குடும்பங்களில் அந்த ஏணியில் ஏறியவர்கள் மிகக் குறைவு.

வெளிநாட்டு வாணிபம் முதலில் பம்பாய் வழியாகத்தான் வந்தது. 1970களில் பம்பாய் ஏற்றுமதி வணிகர்கள் திருப்பூரில் தைத்து வாங்கித் தங்கள் பெயரில் அனுப்பினார்கள். 1978இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் மலிவான வெள்ளை டி-ஷர்ட் தேடி இங்கு வந்ததை ஊர் தன் ஏற்றுமதி வரலாற்றின் தொடக்கமாகச் சொல்கிறது. 1980களின் தொடக்கத்தில் சி அண்ட் ஏ போன்ற ஐரோப்பியப் பெருங்கடைகளும் வந்தன. 1980களின் நடுவில் ஆண்டு ஏற்றுமதி 15 கோடி ரூபாயை ஒட்டி இருந்தது. 1990இல் அது 300 கோடியைத் தொட்டது. அதே ஆண்டில் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் உருவாயிற்று. அடுத்த ஆண்டு ஜூலையில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டபோது, ஒவ்வொரு டாலருக்கும் கூடுதல் ரூபாய் கைக்கு வந்தது. அதில் ஒரு பங்கை வாங்குபவருக்கு விலைக் குறைப்பாகக் கொடுத்து, மீதியில் புது மிஷின் வாங்கினார்கள்.

அந்தக் காலத்து உலக வாணிபம் தடையற்றதாக இருக்கவில்லை என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். 1974இல் நடப்புக்கு வந்த பல்இழை ஒப்பந்தப்படி, எந்த ஏழை நாடு எந்தப் பணக்கார நாட்டுக்கு எத்தனை ஆடை அனுப்பலாம் என்பதற்குக் கோட்டா இருந்தது. ஐரோப்பியப் பட்டியலில் டி-ஷர்ட் நான்காம் எண் வகை. டெல்லியிலிருந்து ஆயத்த ஆடை ஏற்றுமதி ஊக்குவிப்புக் கழகம் கோட்டாவைப் பங்கிட்டுக் கொடுத்தது. போன ஆண்டு எவ்வளவு அனுப்பினாரோ அதை வைத்து இந்த ஆண்டுப் பங்கு. ஆகவே கோட்டாவே ஒரு சரக்காகி, கையில் வைத்திருந்தவர் தைக்காமலே பிரீமியத்துக்கு விற்க முடிந்தது. கோட்டா ஏற்றுமதியை மட்டுப்படுத்தியது உண்மை. ஆனால் ஒரு பாதுகாப்பையும் தந்தது. வாங்குபவர் எல்லா ஆர்டரையும் சீனாவில் கொட்டிவிட முடியாது. இந்தியாவுக்கென்று ஒரு பங்கு எப்படியும் இருந்தது.

2004 டிசம்பர் 31 நள்ளிரவோடு அந்தக் கோட்டா முறை முடிந்தது. கிட்டத்தட்ட அதே சமயத்தில், பின்னலாடைத் தொழிலைச் சிறுதொழிலுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த இந்தியச் சட்ட ஏற்பாடும் நீக்கப்பட்டது. பெரிய கம்பெனிகள் பெரிய முதலீட்டோடு நூலிலிருந்து பேக்கிங் வரை ஒரே வளாகத்தில் வைக்கலாயின. 2007 வாக்கில் ஏற்றுமதி 11,000 கோடி ரூபாயை எட்டியது. இன்று இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஒரு வட்டாரத்திலிருந்து போகிறது. 2024-25இல் அதன் மதிப்பு 40,000 கோடி ரூபாயை ஒட்டியது.

இத்தனை வளர்ச்சியிலும் ஒரு விஷயம் திருப்பூரின் கைக்கு வரவேயில்லை. அது விலை. லண்டனிலோ ஹாம்பர்க்கிலோ நியூயார்க்கிலோ ஒரு டி-ஷர்ட்டை என்ன விலைக்கு விற்பது என்று முதலில் முடிவாகிறது. அதிலிருந்து கடையின் லாபம், விளம்பரம், கப்பல் கட்டணம், சுங்க வரி எல்லாம் கழிந்து மீதி நிற்பதுதான் இங்கே பையிங் ஆபீசில் பேசப்படும் தொகை. அந்தத் தொகைக்குள் நூல் விலையும் அடங்க வேண்டும், கூலியும் அடங்க வேண்டும், லாபமும் அடங்க வேண்டும். நூல் விலையை மில் தீர்மானிக்கிறது. மின் கட்டணத்தை அரசு தீர்மானிக்கிறது. ஏற்றுமதியாளர் குறைக்கக்கூடியதாக மிஞ்சியவை இரண்டே: தண்ணீருக்கும் கழிவுக்கும் ஆகும் செலவு, மனித உழைப்புக்கு ஆகும் செலவு. திருப்பூரின் கடந்த நாற்பதாண்டுத் துயரம் முழுவதும் இந்த இரண்டு தலைப்புக்குள் வந்துவிடும்.

முதலில் தண்ணீர். உள்நாட்டுக்கு வெள்ளை பனியன் தைத்த காலத்தில் துணியை வெளுத்தால் போதும். ஐரோப்பியச் சந்தையோ சீசனுக்குச் சீசன் புது நிறம் கேட்டது. பருத்தித் துணியில் நிறம் நிற்க ரியாக்டிவ் சாயம் வேண்டும். அந்தச் சாயம் இழையில் ஏறுவதற்குக் கைப்பிடி கைப்பிடியாக அல்ல, மூட்டை மூட்டையாக உப்பு வேண்டும். பழைய முறை வின்ச் சாயத் தொட்டிகளில் ஒரு கிலோ துணிக்குச் சாயமேற்றி அலச நூறு லிட்டருக்கு மேல் நல்ல தண்ணீர் செலவாகும். உப்பு துணியில் தங்குவதில்லை, முழுவதும் கழிவுநீரோடு வெளியேறிவிடும். 1980களின் தொடக்கத்தில் சில பத்துகளாக இருந்த சாய, சலவைப் பட்டறைகள் 1990களின் முடிவில் எழுநூறைத் தாண்டின. ஊரின் கிணறுகள் உவர்த்துப் போனதால், சாயம் போட நல்ல தண்ணீரை முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள கிராமங்களிலிருந்து லாரிகளில் ஏற்றி வந்தார்கள். அந்தக் கிராமத்து விவசாயிகள் சிலருக்குப் பயிரைவிடத் தண்ணீர் விற்பது லாபமாயிற்று. ஊரின் ஒரு பக்கத்தில் நல்ல நீர் விலைக்கு உள்ளே வந்தது, மறுபக்கத்தில் சாயநீர் இலவசமாக நொய்யலில் இறங்கியது.

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவையையும் திருப்பூரையும் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. வருடம் முழுதும் ஓடும் ஆறு அல்ல அது, மழைக்காலத்தில் ஓடி ஏரி குளங்களை நிரப்பிவிட்டு அடங்கும் ஆறு. அப்படிப்பட்ட ஆற்றில் கலக்கும் கழிவை அடித்துக்கொண்டு போக நீரே இருக்காது. திருப்பூருக்குக் கீழே, சென்னிமலையை அடுத்த ஒரத்துப்பாளையத்தில் 1992இல் ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. கீழே கரூர் வரை பத்தாயிரம் ஏக்கர் அளவுக்குப் பாசனம் தருவது நோக்கம். ஏற்றுமதி பாய்ச்சலில் போன அதே ஆண்டுகளில் அணை நிரம்பியது, ஆனால் நிரம்பியது சாயக் கழிவால். சில ஆண்டுகளுக்குள் இந்தியப் பாசன வரலாற்றில் அரிதான ஒரு கோரிக்கை எழுந்தது: எங்கள் வயலுக்கு இந்தத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று ஆயக்கட்டு விவசாயிகளே போராடினார்கள். அணையைச் சுற்றிய கிராமங்களில் நிலத்தடி நீர் உப்பானது. தென்னை காய்ப்பை நிறுத்தியது. மாடு குடிக்க மறுக்கும் நீரை மனிதர்கள் என்ன செய்வது? குடிக்க நல்ல தண்ணீருக்கு மைல் கணக்கில் அலைந்தார்கள். எழுத்தாளர் சுப்ரபாரதிமணியன் தம் ‘சாயத்திரை’ நாவலை 1990களின் பிற்பகுதியிலேயே இந்தச் சீரழிவைப் பொருளாக வைத்து எழுதினார். நீதிமன்றம் கடுமையான தீர்ப்புக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தமிழ் நாவல் வந்துவிட்டது.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. சூழல் இழப்பீட்டு ஆணையம் 2004இல் 28,000க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட்டது. சராசரி பார்த்தால் ஒரு குடும்பத்துக்கு ஒன்பதாயிரம் ரூபாய்கூட வராது. ஒரு தலைமுறைக்கு விளைச்சலை இழந்த நிலத்துக்கு அந்தத் தொகை எந்த மூலைக்கு? ஆனாலும் அந்தக் கணக்கு முக்கியமானது. ஒரு டி-ஷர்ட்டின் அடக்க விலையில் அதுவரை சேராமலிருந்த ஒரு செலவை முதன்முறையாக ஓர் அரசு அமைப்பு ரூபாயில் எழுதிக் காட்டியது.

2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத தொழில்நுட்பத்துக்கு மாறும்படி சாயப்பட்டறைகளுக்குக் கெடு வைத்தது. 2009இல் உச்ச நீதிமன்றமும், மாசு செய்தவரே அதற்குப் பணம் கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்த வழக்கில் உறுதிசெய்தது. கெடு நீண்டது, மீண்டும் நீண்டது. கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடி மின் இணைப்பைத் துண்டிக்க உத்தரவிட்டது. அடுத்த மாதங்களில் திருப்பூர் தவித்த தவிப்பு சாதாரணமானது அல்ல. சாயம் இல்லாமல் துணி இல்லை, துணி இல்லாமல் தையல் இல்லை. வெளியூர் தொழிலாளர்கள் மூட்டையைக் கட்டினார்கள். ஏற்றுமதியாளர்கள் துணியை வேறு மாவட்டங்களுக்கும் வேறு மாநிலங்களுக்கும் அனுப்பிச் சாயமேற்றினார்கள். அங்கேயும் ஏதோ ஒரு ஆறு இருந்தது.

பிறகு மாநில அரசு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் கொடுத்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வூடு பரவல் கருவிகளும் ஆவியாக்கும் கொப்பரைகளும் ஏறின. நீரையும் உப்பையும் பிரித்து இரண்டையும் திரும்பப் பயன்படுத்தும் முறை நிலைபெற்றது. இன்று வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் திருப்பூர் பெருமையோடு காட்டும் சாதனை இதுதான். பெருமைப்பட இடமும் இருக்கிறது. உலகின் சாயத் தொழில் ஊர்களில் இந்த அளவுக்குக் கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துபவை அதிகம் இல்லை. ஆனால் இந்தச் சாதனை தானாக முளைக்கவில்லை. கீழ்க்கரை விவசாயிகள் பத்தாண்டுக்கு மேல் நீதிமன்றப் படியேறியதால் வந்தது. அவர்களுடைய கிணறுகளில் இறங்கிய உப்பு இன்னும் முழுதாக வெளியேறவில்லை.

மனித உழைப்பின் கதை இதைவிடச் சிக்கலானது, ஏனென்றால் அதில் நன்மையும் கலந்திருக்கிறது. கொங்குக் கிராமங்களில் பண்ணையத்தில் முன்பணம் வாங்கிக் கட்டுண்டு கிடந்த அருந்ததியர் குடும்பங்களுக்குத் திருப்பூர் பஸ் ஒரு விடுதலை வழியாக இருந்தது. காலையில் ஏறி மாலையில் திரும்பினால் யாருடைய தோட்டத்து வாசலிலும் நிற்க வேண்டியதில்லை, கூலி கையில் வரும். மதுரை, தேனி, திண்டுக்கல், ராமநாதபுரத்திலிருந்து வறட்சிக்குத் தப்பி வந்த குடும்பங்கள் கணவன் மனைவி இருவருமாக வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தன. தனியாக வாழ நேர்ந்த பெண்கள், ஊரில் யாரையும் அண்டாமல் ஒரு ரூம் எடுத்து வாழ்ந்துகொள்ளக்கூடிய ஊராக அது இருந்தது. இதையெல்லாம் செய்தது பீஸ் ரேட்டும் ஒன்றரை ஷிப்டும்தான். ஷிப்மென்ட் நெருங்கினால் இரவு முழுக்க வேலை, வேலை செய்தால் காசு.

அதே சமயம் அந்தக் காசு எதையும் உத்தரவாதம் செய்யவில்லை. காண்ட்ராக்டர் மாறினால் பணிக்காலக் கணக்கு புதிதாகத் தொடங்கும். பிராவிடண்ட் பண்டும் ஈஎஸ்ஐயும் பெரிய கம்பெனிக் கேட்டுக்குள் உண்டு, ஜாப் ஒர்க் சந்துகளில் அரிது. வாடிக்கையாளர் நிறுவனங்களின் ஆய்வாளர்கள் பார்ப்பது பெரும்பாலும் கேட்டுக்குள் இருப்பதைத்தான்.

நூல் மில்களில் நிலைமை இன்னும் மோசமாயிற்று. பதின்பருவப் பெண்களைத் தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து கூட்டிவந்து, மில் விடுதியிலேயே தங்கவைத்து, மூன்று ஆண்டு முடித்தால் கல்யாணச் செலவுக்கு முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தத் தொகை தருவதாகச் சொன்னார்கள். இதற்குச் ‘சுமங்கலித் திட்டம்’ என்று பெயர் வைத்தார்கள். மாதக் கூலியில் பிடித்துவைத்த பணத்தையே பரிசுபோலக் கொடுக்கும் ஏற்பாடு அது. உடல்நலம் கெட்டோ, பொறுக்கமுடியாமலோ இடையில் வெளியேறிய பெண்கள் பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. நெதர்லாந்தின் இரண்டு அமைப்புகள் 2011இல் வெளியிட்ட அறிக்கை இதை ஐரோப்பியக் கடைகளின் வாசல்வரை கொண்டு சென்றது. உள்ளூர்ப் பெண்கள் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததுதான் அது. வாங்குபவர் நாட்டின் பத்திரிகையில் வந்த பிறகே மில்கள் அசைந்தன. சந்தை எங்கே இருக்கிறதோ அங்கேதான் காதும் இருந்தது.

உள்ளூர்ப் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகத் தொடங்கியதும் மிஷின்களில் ஆள் பற்றவில்லை. ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட், வங்காளம், அசாமிலிருந்து இளைஞர்கள் வந்தார்கள். தன்பாத்–ஆலப்புழை எக்ஸ்பிரஸ் திருப்பூர் நிலையத்தில் இறக்கிவிடும் கூட்டத்தைப் பார்த்தால், எண்பதுகளில் தேனி பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டத்தின் தொடர்ச்சி புரியும். இப்போது இந்தத் தொழிலில் இருப்பதாகச் சொல்லப்படும் சுமார் ஆறு லட்சம் பேரில் கணிசமான பங்கு அவர்கள். 2023 மார்ச்சில் பிகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்யான வீடியோக்கள் பரவின. பல தொழிலாளர்கள் பயந்து ரயிலேறினார்கள். பிகார் அரசின் அதிகாரிகள் குழு திருப்பூருக்கு நேரில் வந்து விசாரித்தது, தமிழகப் போலீஸ் வதந்தி பரப்பியவர்கள்மேல் வழக்குப் போட்டது. வடக்கத்தி ஆட்கள் வேலையைப் பறிக்கிறார்கள் என்று டீக்கடைகளில் பேசிவந்தவர்களுக்கும், அவர்கள் இல்லாவிட்டால் ஷிப்மென்ட் போகாது என்பது அந்த ஒரு வாரத்தில் புரிந்திருக்கும்.

வெளியுலகின் ஆட்டம் திருப்பூரை நேரடியாக அடித்த சந்தர்ப்பங்கள் வேறும் உண்டு. 2007இல் ரூபாய் வலுவடைந்து டாலர் 40 ரூபாய்க்குக் கீழே இறங்கியபோது, நட்டத்தைத் தடுக்கலாம் என்று வங்கிகள் விற்ற சிக்கலான அந்நியச் செலாவணி ஒப்பந்தங்களில் பல ஏற்றுமதியாளர்கள் கையெழுத்திட்டார்கள். பனியனுக்கும் ஸ்விஸ் ஃபிராங்குக்கும் என்ன தொடர்பு? ஆனால் 2008இல் ஃபிராங்கும் யென்னும் எதிர்பாராத பக்கம் நகர்ந்ததும், தலைமுறையாகத் தைத்துச் சேர்த்ததை ஒரே ஒப்பந்தத்தில் இழந்தவர்கள் இருந்தார்கள். சிலர் வங்கிகளை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். 2022இல் பஞ்சு விலை வரலாறு காணாத அளவுக்கு ஏறி ஒரு கண்டி லட்ச ரூபாயைக் கடந்தது. மே மாதம் இரண்டு நாள் ஊரே கடையடைத்து நூல் விலையை எதிர்த்தது. அப்போது கையிலிருந்த ஆர்டர்களின் விலையோ பல மாதங்களுக்கு முன்பே பேசி முடிக்கப்பட்டது.

போட்டி நாடுகளின் கதையும் இதோடு பின்னியது. ஐரோப்பிய ஒன்றியம் 2001 முதல் பின்தங்கிய நாடுகளுக்குத் தந்த வரிச் சலுகையால் வங்கதேச டி-ஷர்ட் ஐரோப்பாவுக்கு வரியின்றிப் போனது, திருப்பூர் டி-ஷர்ட்டுக்கு ஒன்பது பத்து சதவீதம் வரி விழுந்தது. அந்தச் சலுகை கொண்டுவந்த ஆர்டர்களைத் தைத்த டாக்கா பக்கத்துக் கட்டடங்களில் ஒன்றுதான் ரானா பிளாசா. 2013 ஏப்ரல் 24 அன்று அது இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். ஒரே விலைக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டிய கட்டாயத்தில் திருப்பூரில் ஆறு பலியானது, அங்கே கட்டடத்தின் தூண்கள் பலியாயின. இந்த இரண்டு ஊர்களும் ஒன்றையொன்று எதிரியாகப் பார்க்க வைக்கப்பட்டிருக்கின்றன. உண்மையில் இரண்டுக்கும் வாடிக்கையாளர் பட்டியல் பெரும்பாலும் ஒன்றே.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீது முதலில் 25 சதவீதமும், அந்த மாதம் 27 முதல் மேலும் 25 சதவீதமும் கூடுதல் வரி விதித்தது. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது 20 சதவீதம். திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. தைத்து முடித்த சரக்கு கிடங்கில் நின்றது, வரியில் ஒரு பங்கை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று வாங்குபவர்கள் விலைக் குறைப்புக் கேட்டார்கள். இதற்குச் சில வாரம் முன்னால், ஜூலை 24 அன்று, பிரிட்டனோடு இந்தியா கையெழுத்திட்ட வாணிப ஒப்பந்தம் அந்தச் சந்தையில் வரியை நீக்குவதாக இருந்ததால் ஏற்றுமதியாளர்களின் பார்வை அந்தப் பக்கம் திரும்பியது.

சங்கங்கள் டெல்லிக்கு மனுக் கொடுத்தன, கடன் தவணைக்கு அவகாசம் கேட்டன. பெரிய ஏற்றுமதியாளருக்குச் சங்கமும் வங்கியும் அமைச்சர் அலுவலகமும் உண்டு. அவருக்கு ஜாப் ஒர்க் செய்யும் எட்டு மிஷின் பட்டறைக்காரருக்கு ஏற்றுமதியாளர் மட்டுமே உண்டு. அந்தப் பட்டறையில் ஓவர்லாக் ஓட்டும் பெண்ணுக்கோ, சுல்தான்பூரிலிருந்தோ கட்டாக்கிலிருந்தோ வந்து ஆறு பேரோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் இளைஞருக்கோ எந்த மனுவிலும் தனிப் பத்தி இல்லை. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டானால் அவர்களுடைய வாரக் கூலியில் மூன்றில் ஒன்று போய்விடும். வாடகையும் மளிகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் அப்படியே இருக்கும். 1984இல் 127 நாள் போராடிக் கேட்ட பஞ்சப்படி இத்தகைய மாதங்களுக்காகத்தான். அந்தக் கோரிக்கையை இன்று யார் யாரிடம் வைப்பது என்பதற்கு ஊரிலுள்ள ஆயிரக்கணக்கான பட்டறைகளில் விடை இல்லை.